பேயாண்டிக்கு யாரும் பேக்கப் சொல்லவில்லை

பேய்ப் படங்களில் முதலில் சாகிறவன் என்று ஊருக்கெல்லாம் தெரிந்த நகைச்சுவை நடிகன் பேயாண்டி நிஜமாகவே செத்துப்போய், மின்மயானத்தில் சாம்பலாகி, அந்தச் சாம்பலை அவன் மனைவி ஒச்சம்மா வைகையில் கரைத்துவிட்டு ரயிலில் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலையில், சாலிகிராமத்து அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் மேல்தளத்தில் இருந்த எடிட்டிங் அறைக்கு அவன் வழக்கம்போல வேலைக்கு வந்திருந்தான்.

எடிட்டர் பிலோமினா கணினியைப் போட்டுவிட்டு, ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து, புதிதாக வந்திருந்த காட்சிகளைப் பார்த்தாள். ஏற்காட்டுப் பங்களாவின் வாசல் கதவைப் பேயாண்டி திறக்கிறான், எட்டிப் பார்க்கிறான், கதவை மூடுகிறான், மூடிய கதவுக்குப் பின்னாலேயே நின்று யோசிக்கிறான். அவள் எங்கே வெட்ட வேண்டும் என்று பார்த்து, வெட்டி, முன்னால் இருந்த காட்சியோடு ஒட்டி, ஓட்டிப் பார்த்து, திருப்தியாகி, டீயை எடுத்துக் குடித்து முடித்த பிறகுதான், முந்தின வாரம் இதே மனிதனின் காலடியில் மாலை வைத்துவிட்டு வந்தோம் என்பது அவளுக்கு நினைவு வந்தது. அந்தக் காட்சியைப் படமாக்குவதற்கு முன்பே, மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்த வாக்கில், முகத்தில் பாதிப் பவுடரோடு அவன் மாரடைப்பில் போயிருந்தான்.

பேயாண்டி என்பது சினிமாவுக்காக வைத்துக்கொண்ட பெயர் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அது உசிலம்பட்டிப் பக்கம் சிவனுக்கு வழங்கும் பெயர், குலவழக்கப்படி அவனுக்கு வைத்தது. நாடகக் கம்பெனியில் கூஜா தூக்கி, கோமாளி வேஷம் கட்டி, சினிமாவுக்கு வந்து, பேய் இருக்கிற வீட்டில் எந்தக் கதவைத் திறக்கக் கூடாதோ அதைத் திறக்கிற ஆளாக முப்பது நாற்பது படங்களில் செத்திருந்தான். கிணற்றில் விழுந்து செத்தான், ஊஞ்சல் சங்கிலி கழுத்தில் சுற்றிச் செத்தான், பேய் கொட்டாவி விட்டதைப் பார்த்து அதிர்ச்சியிலேயே செத்தான். ஒவ்வொரு தடவை அவன் சாகும்போதும் ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அந்தச் சாவுகளில் பெரும்பாலானவற்றை வெட்டி ஒட்டியவள் பிலோமினா. மணப்பாட்டிலிருந்து சென்னைக்கு வந்தவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நாற்பத்தைந்து வயதாகிறது. அவனை நேரில் பார்த்தது நாலைந்து முறை இருக்கும். ஆனால் படப்பிடிப்பு முடிந்ததும் அவன் தவறாமல் போன் செய்வான். "தாயி, கெணத்தடியில நான் திரும்புறதுக்கு முந்தி ஒரு மூச்சு நிறுத்தியிருக்கேன். அத முழுங்கிராதீக" என்பான். அவளுக்குத் தெரியும். பயந்த முகத்தை, பார்க்கிறவனின் மூச்சு அடைக்கும்வரை வைத்திருந்தால் தியேட்டரே உறைந்துபோகும். அதே முகத்தை, அவன் பயந்து முடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வெட்டிவிட்டால் தியேட்டரே சிரிக்கும். முகம் ஒன்றுதான். அந்த ஒரு மூச்சைப் பேயாண்டி வைப்பான், பிலோமினா எடுப்பாள், அல்லது விடுவாள். அவர்களுக்குள் இருந்த உறவு அவ்வளவுதான்.

மதியம் இயக்குநர் கார்முகிலன் வந்தான். முதல் படம் செய்கிற பையன். செத்துப்போன ஆளைக் கதையிலிருந்து எப்படிக் கழற்றுவது என்று தெரியாமல் தாடி வளர்த்துக்கொண்டிருந்தவன். காட்சியைப் பார்த்தான்.

"நாம இத எடுக்கலையே மேடம்."

"எடுக்கல."

"நல்லாருக்கு."

"நல்லாருக்கு" என்றாள் பிலோமினா.

மறுநாள் காலையிலும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. கதைப்படி எடுக்காமல் விட்டுப்போன காட்சிகள் ஒவ்வொன்றாக, சத்தம் மட்டும் இல்லாமல், டிஸ்க்கில் வந்து விழுந்துகொண்டே இருந்தன. ஒளிப்பதிவாளர் வந்து பார்த்து, இது நான் வைத்த லைட் இல்லை, ஆனால் நான் வைத்திருந்தாலும் இப்படித்தான் வைத்திருப்பேன் என்று சொல்லி, தன் பெயரே இருக்கட்டும் என்றார். தயாரிப்பாளர் ஏகாம்பரம் வாசலில் பூசணிக்காய் உடைத்து, டிஸ்க்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றப் போனபோது, மிஷினுக்குப் புகை ஆகாது என்று பிலோமினா தடுத்துவிட்டாள். நடிகர் சங்கத்தில் கூடிப் பேசினார்கள். இறந்தவர்கள் வேலை செய்தால் இருப்பவர்களுக்கு என்ன மிஞ்சும் என்று ஒருவர் எழுந்து கேட்டார். அவர் வேலையைத்தானே அவர் முடித்துக் கொடுக்கிறார், யார் வேலையையும் பறிக்கவில்லையே என்று இன்னொருவர் சொன்னார். அது சரியாகப் பட்டதால் வடை சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள். படத்தில் பேயாக நடித்த பெண் உயிரோடு இருந்தாள். அவள் தன் பங்கைத் தனியாகப் பச்சைத் துணிக்கு முன்னால் நடித்துக் கொடுத்துவிட்டு ஹைதராபாத் போயிருந்தாள். உயிரோடு இருக்கிறவள் பேயாகச் சிரிக்கிற ஷாட்டை வைத்து, செத்துப்போனவன் உயிருக்குப் பயந்து ஓடுகிற ஷாட்டை அதற்கடுத்து வைத்து, பிலோமினா படத்தைக் கட்டிக்கொண்டு போனாள்.

தகவல் ஒச்சம்மாவுக்கு எட்டியது. ஒரு காலையில் படியேறி வந்து, செருப்பை வெளியே கழற்றிவிட்டு, பின்னால் இருந்த சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். அவளுக்காகப் பிலோமினா காட்சியை மெதுவாக ஓட்டினாள். ஒச்சம்மா அழவில்லை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "தாடியப் பாரு. அங்க செரைக்க ஆள் இல்லபோல" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் வந்தாள். பிள்ளை இல்லாத வீட்டில் அவளுக்கு வேறு வேலையும் இல்லை. மாதத்தில் பாதி நாள் வெளியூர்ப் படப்பிடிப்பு, மீதி நாள் தூக்கம் என்று வாழ்ந்த மனிதனை, கூட வாழ்ந்த காலத்தைவிட இப்போதுதான் அதிகம் பார்க்கிறேன் என்றாள். "ஊரச் சிரிக்க வெச்ச மனுசன், வீட்டுல பல்லக் காட்டுனதில்ல தாயி. மொகத்த மொகத்தப் பாப்பேன். சொவத்தப் பாத்துக்கிட்டுப் படுத்திருப்பாரு."

ஒருநாள் பிலோமினா படத்தை நிறுத்தி, அவன் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். "இங்க பாருங்கக்கா. சிரிப்பு காட்டப் போறார்னா, அதுக்கு முன்னாடி இந்த இடது கண்ணோட கீழ் இமை லேசா துடிக்கும். இதுதான் எனக்கு அடையாளம்."

ஒச்சம்மா எழுந்து கிட்டே வந்து பார்த்தாள். திரும்பவும் ஓட்டச் சொன்னாள். இமை துடித்தது. "இருவத்தஞ்சு வருசம் கூடப் படுத்து எந்திரிச்சிருக்கேன்" என்றாள். "எனக்குத் தெரியலியே தாயி." அடுத்தவள் வீட்டுப் பொருள் ஒன்று இத்தனை நாள் தன் பெட்டியில் கிடந்திருக்கிறது என்பதுபோல பிலோமினாவுக்குக் கூச்சமாக இருந்தது.

பிறகு அந்தக் கட்டடத்துச் சனம் வர ஆரம்பித்தது. முதலில் வந்தவள் இரண்டாம் மாடி வசந்தகோகிலம். கடலில் குளிக்கப் போய்த் திரும்பாத மகனின் போட்டோவைக் கொண்டுவந்து, மானிட்டருக்கு எதிரே பிடித்துக்கொண்டு, "இவர் இருக்கிற எடத்துலதானே எம்புள்ளையும் இருப்பான்? பின்னால எங்கயாவது நிக்கிறானான்னு பாரும்மா" என்றாள். பிலோமினா பார்த்தாள். ஜன்னலில் யாரோ நிற்பதுபோல இருந்தது, பெரிதாக்கினால் திரைச்சீலை. மாடிப்படி நிழலில் ஒரு தலை தெரிந்தது. பெரிதாக்கினால் கைப்பிடிச் சுவரின் உருண்டை. அதற்கப்புறம் தெருவே வந்தது. கல்யாணப் போட்டோ, ரேஷன் கார்டு போட்டோ, பூமாலை போட்ட சட்டத்தோடு கழற்றிய போட்டோ என்று நெஞ்சில் அணைத்துக்கொண்டு படிகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வளசரவாக்கத்திலிருந்தும் போரூரிலிருந்தும் ஆட்டோ பிடித்து வந்தார்கள். ஒவ்வொருவருக்காகவும் அவள் அறை அறையாக, கண்ணாடி கண்ணாடியாக, கதவிடுக்கு கதவிடுக்காகப் பெரிதாக்கித் தேடினாள். யாரும் இல்லை. அந்தப் பங்களாவில், அந்தத் தோட்டத்தில், ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மலையில், பேயாண்டியைத் தவிர ஒரு மனிதன் இல்லை, ஒரு நாய் இல்லை, மரத்தில் ஒரு காக்காய்கூட இல்லை.

"அங்க கூட்டமா இருக்கும்னு நெனச்சேன்" என்றாள் வசந்தகோகிலம், கடைசியாக வந்த நாளில். "எல்லாரும் ஒண்ணா இருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அவளுக்குப் பிறகு வரிசை குறைந்தது. பார்த்தவர்கள் பார்க்காதவர்களைப் போக வேண்டாம் என்றார்கள். அந்தக் கட்டடத்தில் கொஞ்ச நாள் ஒரு வழக்கம் வந்தது. காரணமே இல்லாமல் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் உட்கார்ந்துகொண்டார்கள், தனியாக இருக்கிற கிழவரைத் தனியாகச் சாப்பிட விடவில்லை, பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிகள்கூட வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசிக்கொண்டார்கள். பிறகு, படப்பிடிப்பு என்றால் வெளியாட்களை உள்ளே விட மாட்டார்கள், அதனால்தான் யாரும் தெரியவில்லை என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் அதை உடனே நம்பினார்கள். போட்டோக்கள் திரும்ப ஆணிகளில் ஏறின, அந்த வழக்கமும் போயிற்று.

ஒச்சம்மா மட்டும் நம்பவில்லை. "ஒத்தையில சோறு எறங்காது அவருக்கு. ஆள் இல்லாட்டி, தெருவுல போறவனக் கூப்புட்டு ஒக்கார வெச்சுத்தான் திம்பாரு" என்றாள். திரையில் அவன் பங்களாவின் நீண்ட சாப்பாட்டு மேஜையில் ஓரமாக உட்கார்ந்து, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கதைப்படி அது சிரிப்புக் காட்சி.

கதையில் பாக்கியிருந்த காட்சிகள் ஒவ்வொன்றாக முடிந்தன. ஒரு காட்சியை வெட்டி முடித்து, இது போதும் என்று பிலோமினா பூட்டிவிட்டால், அந்தக் காட்சியில் மறுபடி ஒரு துண்டும் வராது. கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது, அவன் சாகிற காட்சி. காவல்காரக் காக்கிச் சட்டையோடு பேயாண்டி நிலவறைப் படிகளில் இறங்க வேண்டும், தோளில் ஒரு கை விழ வேண்டும், அவன் திரும்ப வேண்டும், சாக வேண்டும். அந்தக் காட்சி தினமும் வந்தது. தினமும் அவன் படிகளில் இறங்கி, கடைசிப் படியில் நின்றுவிட்டான். சட்டை கிழிய ஆரம்பித்தது, கன்னம் ஒட்டிப்போனது. அவன் பயப்படுவது நாளுக்கு நாள் நன்றாகிக்கொண்டே போகிறது என்று கார்முகிலன் பூரித்தான். பிலோமினா மட்டும் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிமை துடிப்பது நின்று பல நாளாயிற்று. அந்த மனிதன் நடிப்பதை நிறுத்திவிட்டான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவன் கடைசிப் படியில் நின்று, நேராக லென்ஸைப் பார்த்து, ஏதோ பேசினான். சத்தம் இல்லை. அவனுக்குக் குரல் கொடுக்க அமர்த்தியிருந்த டப்பிங் கலைஞர் சபாபதியை வரவழைத்தார்கள். வாயசைவைப் பார்த்தே வார்த்தையைச் சொல்லிவிடுகிறவர் அவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு முறை பார்த்துவிட்டு, பேயாண்டியின் குரலிலேயே அதைச் சொன்னார்.

"யாராச்சும் பேக்கப் சொல்லுங்கப்பா. வீட்டுக்குப் போகணும்."

அறையில் இருந்த எல்லோரும் சினிமாக்காரர்கள். அன்றைய வேலை முடிந்தது, வேஷத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்பதற்கான அந்த ஒரு வார்த்தை காதில் விழாமல் யாரும் படப்பிடிப்பை விட்டு நகர மாட்டார்கள், மழை பெய்தாலும், வீட்டில் இழவே விழுந்தாலும். மேக்கப் நாற்காலியில் செத்துப்போன மனிதனுக்கு அன்றைக்கு அதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஆம்புலன்ஸுக்குத்தான் போன் செய்தார்கள்.

கார்முகிலன் மானிட்டருக்கு முன்னால் போய் நின்று, தொண்டை கிழிய "பேக்கப்!" என்று கத்தினான். ஏகாம்பரம் கத்தினார். சபாபதி, பேயாண்டி வேலை பார்த்த இயக்குநர்களின் குரலிலெல்லாம் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார். கட்டடத்துச் சனமும் படிகளில் நின்று ஒரே குரலாகச் சொன்னது. ஏகாம்பரம் ஏற்காட்டுக்கே ஆளனுப்பி, பங்களா வாசலில் மைக் வைத்துச் சொல்ல வைத்தார். மறுநாள் காலை, பேயாண்டி அதே படியில், தலையைச் சாய்த்து, எதையோ காதில் வாங்க முயல்கிறவனைப்போல நின்றுகொண்டிருந்தான். பிறகு உதட்டைப் பிதுக்கினான். பிறகு அதே வார்த்தைகளைச் சொன்னான்.

என்ன செய்ய வேண்டும் என்று பிலோமினாவுக்குத் தெரிந்தது. பாக்கியிருக்கிற காட்சிதான் அவனைப் பிடித்து வைத்திருக்கிறது; இருப்பதை வைத்து அதை முடித்துப் பூட்டிவிட்டால் அவன் விடுபடுவான். ஆனால் காலை நேரத்தில் ஒச்சம்மா தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு படியேறி வருவதைப் பார்த்த பிறகு, அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னாள்.

ஒச்சம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். "முடிச்சுட்டா, அப்புறம் வர மாட்டாரா?"

"வர மாட்டார்னுதான் நெனைக்கிறேன் அக்கா."

"அப்ப முடிக்காத தாயி."

பிலோமினா முடிக்கவில்லை. மிஷின் சரியில்லை என்றாள், காய்ச்சல் என்றாள், கம்ப்யூட்டரில் வைரஸ் என்றாள். ஏகாம்பரம் ரிலீஸ் தேதியைத் தள்ளிப் போட்டார், மறுபடி தள்ளிப் போட்டார். இரண்டு பெண்களும் கதவைச் சாத்திக்கொண்டு, தினமும் ஒரு மனிதன் படிகளில் இறங்கி வந்து, வீட்டுக்கு விடச் சொல்லிக் கெஞ்சுவதைப் பார்த்தார்கள். ஒச்சம்மா அவனோடு பேசினாள். பக்கத்து வீட்டுக் குழாய்ச் சண்டையைச் சொன்னாள், ஊரில் மழை பெய்ததைச் சொன்னாள், நீங்க வாங்கி வெச்ச செம்பருத்தி பூத்திருக்கு என்றாள். வாழ்ந்த காலத்தில் அவனிடம் இவ்வளவு பேசியதில்லை. அவனுக்கு எதுவும் கேட்கவில்லை.

ஆடி மாதம் பிறந்தபோது, அவன் நிற்பதை நிறுத்தியிருந்தான். படியில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தான். நெடுநேரம் அப்படியே இருந்தான். திரையில் தோள்கள் குலுங்குவதை ஒச்சம்மா பார்த்தாள். அன்று அவள் அவனிடம் பேசவில்லை. பூவைத் தலையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குப் பாக்கக் கெடைக்குதுன்னு அந்த மனுசன அங்கன கட்டிப்போட்டு வெச்சிருக்கேன்" என்றாள் கடைசியில். "நானெல்லாம் என்ன பொம்பள. முடிச்சுரு தாயி."

பிலோமினா தலையசைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு. ஆயுசு பூரா அவரு பயந்தத, விழுந்தத, செத்தத எல்லாத்தையும் பாத்துச் சிரிச்சாங்க. சிரிக்கட்டும், அதுக்குத்தான் போனாரு. ஆனா இந்த ஒண்ணு அவரு நடிக்கல. இத மட்டும் வெட்டிக் கிட்டிக் கோமாளித்தனம் பண்ணிராத. அழுதத அழுகையாவே விட்ரு."

"சத்தியமா அக்கா" என்றாள் பிலோமினா.

அவள் அப்படியேதான் செய்தாள். பேயாண்டி படியில் நின்று லென்ஸைப் பார்க்கிற அந்த முகத்தை, இசை இல்லாமல், எதிர் ஷாட் இல்லாமல், அவன் சொல்லி முடித்து, உதடு மூடி, கண்ணில் நீர் திரண்டு நிற்கும்வரை முழுசாக விட்டாள். பிறகு இருட்டு. காட்சியைப் பூட்டினாள். மறுநாள் டிஸ்க்கில் நிலவறைப் படிகள் மட்டும் வந்திருந்தன, ஆள் இல்லாமல். அதற்கு மறுநாள் எதுவும் வரவில்லை. ஒச்சம்மா அன்றும் வந்து, மதியம்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

விநியோகஸ்தர்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். அந்த ஷாட் வரும்வரை கைதட்டிச் சிரித்தவர்கள், அது வந்ததும் அடங்கிப்போனார்கள். ஒருவர் இருமினார். ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு வந்த எந்த நகைச்சுவைக்கும் யாரும் சிரிக்கவில்லை. படம் முடிந்து வெளியே வந்தவர்கள் துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்களைப்போல ஏகாம்பரத்திடம் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள்.

ஏகாம்பரம் எடிட்டிங் அறைக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். "எனக்கும் அழுகை வந்துச்சும்மா" என்றார். "ஆனா சிரிக்கலாம்னு வர்றவன இப்படி அழ வெச்சு அனுப்புனா, அடுத்த ஷோவுக்கு ஆள் வராது. அந்த எடத்தக் கொஞ்சம் டிரிம் பண்ணுங்க."

"நான் பண்ண மாட்டேன் சார்."

"நீங்க பண்ணலன்னா வேற ஆள வெச்சுப் பண்ணித்தான் ஆகணும். பேயாண்டியோட டைமிங் அவனுக்குத் தெரியுமா? கன்னாபின்னான்னு வெட்டிருவான். சிரிப்பும் வராது, அழுகையும் வராது. அவருக்கு இதான் கடைசிப் படம். கேவலமாப் போயிரும்மா."

அவர் போன பிறகு பிலோமினா வெகுநேரம் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். வேறொருவன் அந்த முகத்தில் கைவைப்பதை நினைத்தாள். திரும்புவதற்கு முன்னாலான மூச்சை அவன் முழுங்கிவிடுவான், பேயாண்டி ஒரு மட்டமான கோமாளியாக நிற்பான். அதை அவளால் தாங்க முடியவில்லை. அது பேயாண்டிமேல் இருந்த அன்பா, தன் தொழில்மேல் இருந்த கர்வமா என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. மௌஸைக் கையில் எடுத்தாள்.

பேயாண்டி லென்ஸைப் பார்க்கிறான். "யாராச்சும் பேக்கப் சொல்லுங்கப்பா" என்று சபாபதியின் குரல் கீச்சென்று உடைகிறது. அவன் உதடு மூடுவதற்குள், கண்ணில் நீர் வருவதற்குள், வெட்டு. பேயாக நடித்த பெண் தலையைச் சாய்த்து, ரொம்பவும் அக்கறையாகக் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள். அது ஷாட்களுக்கு நடுவில் நேரம் பார்த்தபோது தற்செயலாகப் பதிவானது. மறுபடி பேயாண்டி. வெட்டு. இருட்டு.

ஓட்டிப் பார்த்தாள். அவளையும் அறியாமல் பெரிதாகச் சிரித்துவிட்டாள். அவள் வாழ்நாளில் செய்த வெட்டுகளிலேயே அதுதான் சிறந்தது. அறையில் வேறு யாரும் இல்லாததால் அந்தச் சிரிப்பு நின்ற பிறகு வந்த அமைதி அவளுக்கு அச்சமாக இருந்தது. மறுநாள் காலை, அவன் திரும்ப வந்து படியில் நிற்பானோ என்று பயந்துகொண்டே டிஸ்க்கைத் திறந்தாள். ஒன்றும் இல்லை. ஒச்சம்மாவுக்குச் சொல்ல நினைத்தாள்; போனை எடுத்தாள்; வைத்துவிட்டாள்.

படம் வெளியானது. வடபழனியில் ஒரு தியேட்டரில் மதியக் காட்சிக்கு ஒச்சம்மா வந்தாள். பிலோமினா அவளுக்குத் தெரியாமல் பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். அரங்கு நிறைந்திருந்தது. அந்த இடம் நெருங்க நெருங்க, ஒச்சம்மா முந்தானையை எடுத்துக் கையில் தயாராக வைத்துக்கொள்வது தெரிந்தது. பேயாண்டி படிகளில் இறங்கினான். லென்ஸைப் பார்த்தான். சொன்னான். வெட்டு விழுந்தது. அரங்கு வெடித்துச் சிரித்தது. குழந்தைகள் சீட்டில் ஏறிக் குதித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில், முந்தானையைப் பிடித்த கையோடு, ஒச்சம்மாவும் சிரித்தாள். வாய்விட்டு, தோள் குலுங்க, நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

வெளியே வெயிலில், டூவீலர் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில், பிலோமினா அவளுக்கு முன்னால் போய் நின்றாள். திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று இருந்தாள்.

"அக்கா..."

ஒச்சம்மா அவளைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பின் மிச்சம் இன்னும் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவளைப்போல இருந்தாள். "என்னையுமா தாயி?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு கவுண்டருக்குப் போய் மாலைக் காட்சிக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டாள்.

அவளுக்கு வேண்டியதெல்லாம், அந்த இடத்தில் ஒரே ஒரு தடவை சிரிக்காமல் உட்கார்ந்திருப்பதுதான். ஒரு தடவை அவனுக்காக அழுதுவிட்டால் போதும் என்று பக்கத்து வீட்டில் சொன்னாளாம். மாலைக் காட்சியில் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள், சிரித்தாள். மறுநாள் கண்ணை மூடிக்கொண்டாள். சபாபதியின் கீச்சுக்குரல் கேட்டதும், கூட்டத்தின் சிரிப்பு கேட்டதும் சிரித்தாள். ஈமக்காரியம் செய்த நாளை நினைத்துக்கொண்டு பார்த்தாள். செத்துப்போன அம்மாவை நினைத்துக்கொண்டு பார்த்தாள். வாயில் துணியைத் திணித்துக்கொண்டு பார்த்தாள். எப்போது சிரிப்பு வரப் போகிறது என்று தெரிந்தும், அவள் நெஞ்சு தயாராவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வெட்டு விழுந்தது, சிரிப்பு அவளை முந்திக்கொண்டு வெளியே வந்தது. முழு ஷாட்டையாவது வீட்டில் கொண்டுவந்து போட்டுக் காட்டுகிறேன் என்று பிலோமினா போய்க் கெஞ்சினாள். காட்டினாள். ஒச்சம்மா அதைப் பார்த்தாள். நீர் திரண்ட அந்தக் கண்கள் திரை முழுக்க நின்றன. அடுத்து வரப்போகிற கடிகாரம் ஞாபகம் வந்து, ஒச்சம்மா சிரித்துவிட்டாள். மிஷினை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

படம் நன்றாக ஓடியது. பிறகு கூட்டம் குறைந்தது, ஒரே ஒரு காட்சிக்குச் சுருங்கியது. கடைசி நாள் மதியம், டிக்கெட் கிழிக்கிறவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு அம்மாதான், போடவா வேண்டாமா என்று ஆபரேட்டரிடம் கேட்டார். தினமும் வருகிற அம்மா, போட்டுவிடு என்றார் ஆபரேட்டர். மேலே கண்ணாடிச் சதுரத்தின் வழியாக அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிலோமினா வெளியே, மூடிய கதவுக்கு இந்தப் பக்கம், சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். உள்ளே சிரிக்கக் கூட்டம் இல்லை, தூண்டிவிடப் பக்கத்தில் யாரும் இல்லை. இன்றைக்காவது, இன்றைக்காவது என்று அவள் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். பேயாண்டி படிகளில் இறங்குவது இசையில் தெரிந்தது. இசை நின்றது. அந்த வார்த்தை கேட்டது.

அறுநூறு காலி நாற்காலிகளுக்கு நடுவிலிருந்து, ஒரே ஒரு ஆளுடைய சிரிப்பு எழுந்து வந்தது.